எரிந்தவை ஐயாயிரம், எஞ்சியது ஒன்று: ஓவியர் சித்தபிரசாத்தின் வாழ்வும் கலையும்

(கலை இலக்கியப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1943ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்துச் சாலைகளில் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். அவர் கொண்டுசென்ற கருவிகள் தாளும் கறுப்பு மையும் தூரிகையும் மட்டுமே. வழிநெடுகிலும் பட்டினியால் விழுந்து கிடந்த மனிதர்களை அவர் வரைந்தார். வரைந்ததோடு நிற்கவில்லை. இன்னார், இன்ன ஊர், நிலம் எப்படிக் கைவிட்டுப் போயிற்று, வீட்டில் எத்தனை பேர் மாண்டனர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவரை அங்கே அனுப்பியது கம்யூனிஸ்ட் கட்சி. அவர் பெயர் சித்தபிரசாத்.

அந்தப் பயணத்தின் குறிப்புகளும் சித்திரங்களும் 'பசித்த வங்கம்' என்னும் பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாக வெளிவந்தன. அச்சிடப்பட்டவை ஐயாயிரம் பிரதிகள். பிரிட்டிஷ் அரசு அவற்றைக் கைப்பற்றி எரித்தது. ஓவியரின் குடும்பத்தார் பாதுகாப்பில் ஒரே ஒரு பிரதி எஞ்சியது. பல ஆண்டுகள் வங்கிப் பெட்டகத்தில் கிடந்த அந்தப் பிரதியிலிருந்துதான் 2011இல் தில்லியின் கலைக்கூடம் ஒன்று அந்நூலை அச்சு அசலாக மீண்டும் வெளியிட்டது. மூலப்பிரதி வெளிவந்து அறுபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. ஓவியர் மறைந்தே முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று சித்தபிரசாத்தின் பெயர் மீண்டும் பேசப்படுகிறது. ஆனால் அவரைப் பற்றி இரண்டு வசதியான கதைகள் உலவுகின்றன. கலைச்சந்தை சொல்லும் கதை ஒன்று: கட்சி அவரைப் பிரச்சாரக் கருவியாக்கியது, பிறகு கைவிட்டது, அதன்பின்தான் அவர் உண்மையான கலைஞரானார் என்பது அது. இயக்கத்தினரில் சிலர் சொல்லும் கதை மற்றொன்று: 1948 வரை அவர் நம்மவர், அதன்பின் ஒதுங்கிவிட்டார், ஆகவே சொல்ல ஒன்றுமில்லை என்பது. இரண்டு கதைகளும் ஒரு மனிதரின் வாழ்வை நடுவில் அறுத்து ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அவருடைய படைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த அறுப்பு எங்கும் தென்படாது. பஞ்சச் சாலையில் தொடங்கிய கோடு, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவருடைய கை ஓயும்வரை ஒரே கோடாகவே ஓடியது. இதைக் காட்டுவதே இந்த உரையின் நோக்கம்.

சிட்டகாங் தந்த கல்வி

சித்தபிரசாத் பட்டாச்சாரியா 1915 ஜூன் 21 அன்று நைஹாட்டியில் பிறந்தார். ஹூக்ளி ஆற்றின் கரையில் சணல் ஆலைகள் நிறைந்த ஊர் அது. கல்லூரிப் படிப்பு அவரைக் கிழக்கு வங்கத்தின் சிட்டகாங் நகருக்குக் கொண்டுசேர்த்தது.

அந்நகரத்தின் பெயரைக் கேட்டாலே அன்றைய ஆட்சியாளர்கள் எரிச்சலடைந்தனர். 1930 ஏப்ரல் 18 அன்று சூர்யா சென் தலைமையில் இளைஞர்கள் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய நகரம் அது. 1932இல் பிரீத்திலதா வதேதார் உயிர்நீத்த நகரம். 1934 ஜனவரியில் சூர்யா சென் தூக்கிலிடப்பட்ட நகரம். சிறைமீண்ட வீரர்களில் பலர் தனிமனித வீரச்செயலின் எல்லையை உணர்ந்து, உழவர்களையும் தொழிலாளர்களையும் திரட்டும் பாதைக்கு வந்தனர். கல்பனா தத் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். இந்த மாற்றத்தின் காற்றைச் சுவாசித்தே சித்தபிரசாத் கட்சிக்கு வந்தார். வந்தவர் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, தம் பெயரின் பின்னே ஒட்டியிருந்த பார்ப்பனக் குலப்பெயரை உதறியது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் வெறும் சித்தபிரசாத்.

முறையான ஓவியக் கல்லூரிப் பயிற்சி அவருக்கு இல்லை. கிராமத்துப் பொம்மை செய்வோரும், மரச்செதுக்குக் கலைஞரும், படச்சுருள் காட்டிக் கதை சொல்வோரும் பேணிவந்த வங்க நாட்டார் கலை மரபே அவருடைய பாடசாலை. சுவரொட்டி தேவைப்பட்டால் சுவரொட்டி வரைந்தார், கூட்டத்திற்குப் பாட்டு தேவைப்பட்டால் பாட்டு எழுதினார். கலை எங்கே முடிகிறது, இயக்க வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை.

பஞ்சம் எங்கிருந்து வந்தது?

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. பர்மா அரிசியின் வரத்து நின்றது. எல்லை மாவட்டமான சிட்டகாங் போர்முனையின் விளிம்பாயிற்று. எதிரி வந்தால் அவனுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று சொல்லி, பிரிட்டிஷ் அரசு கடலோர மாவட்டங்களிலிருந்து நெல்லை அகற்றியது. பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் செய்தது அல்லது அழித்தது. ஆறுகளும் கழிகளும் நிறைந்த வங்கத்தில் படகு போனால் மீனவரின் பிழைப்பு போயிற்று, உழவர் வயலுக்குச் செல்லும் வழி போயிற்று, நெல் ஊர்விட்டு ஊர் செல்லும் வழியும் போயிற்று. போர்ச்செலவிற்காக அச்சடித்த பணம் விலைவாசியை ஏற்றியது. வியாபாரிகள் பதுக்கினர். கல்கத்தாவின் போர்த் தொழில்களுக்கும் படைக்கும் முதலில் தானியம் ஒதுக்கப்பட்டது. கிராமத்து நிலமற்ற கூலிகளும் மீனவரும் கைவினைஞரும் முதலில் மாண்டனர்.

பதினைந்து இலட்சம் பேர் இறந்தனர் என்றது அரசு அமைத்த விசாரணை ஆணையம். பின்னர் வந்த ஆய்வாளர்கள் சுமார் முப்பது இலட்சம் என்று கணித்தனர். சிறுவனாக அந்தப் பஞ்சத்தைக் கண்ட அமர்த்தியா சென், உணவு இல்லாததால் மக்கள் சாகவில்லை, உணவை வாங்கும் வலிமை அவர்களிடமிருந்து பறிபோனதால் செத்தனர் என்பதை 1981இல் தம் நூலில் நிறுவினார். சித்தபிரசாத் பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே அந்த உண்மையைச் சாலையில் கண்டு தூரிகையால் எழுதினார்.

மேதினிப்பூரின் துயரம் இரட்டைத் துயரம். 1942 அக்டோபர் 16 அன்று பெரும்புயலும் கடல் பேரலையும் அம்மாவட்டத்தின் கரையோரப் பகுதிகளை அழித்தன. அது 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின் கோட்டை. தம்லுக்கில் மக்கள் தமக்கென ஒரு தேசிய அரசையே நடத்திக்கொண்டிருந்தனர். புயலால் வீழ்ந்த மக்களின்மீது அரசின் அடக்குமுறையும் சேர்ந்து விழுந்தது. கட்சியோ அப்போது 'மக்கள் யுத்தம்' என்னும் நிலைப்பாட்டில் நின்றது. அந்தப் போராட்டத்திலிருந்து விலகி நின்றதற்காகக் கடும் விமர்சனத்தைச் சந்தித்துக்கொண்டிருந்தது. அத்தகைய மண்ணில் ஒரு கம்யூனிஸ்ட் ஓவியர் வீடு வீடாகச் சென்று உட்கார்ந்து மனிதர்களின் கதையைக் கேட்பது எளிய செயலன்று. பசித்தவர் எந்தக் கொடியின்கீழ் நின்றவர் என்று பார்க்காமல் அவர் வரைந்தார். அந்தப் படங்கள் இன்றும் நம்மை நிறுத்திப் பார்க்கவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1944இல் அவர் ஹூக்ளி மாவட்டத்தின் ஜிராட் கிராமத்துக்குச் சென்றார். இந்து மகாசபைத் தலைவர் சியாமா பிரசாத் முகர்ஜியின் பூர்வீக ஊர் அது. சுற்றிலும் பசித்த மக்கள். நடுவே தலைவரின் குடும்பத்திற்காக எழுந்த பெருமாளிகை. இந்த முரணைச் சித்தபிரசாத் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' வார ஏட்டில் எழுதினார். பஞ்சத்திற்கும் வர்க்கம் உண்டு என்பதைச் சொல்ல அவருக்குத் தத்துவச் சொற்கள் தேவைப்படவில்லை. அந்த வீடும் அந்தத் தெருவும் போதுமானவையாக இருந்தன.

கறுப்பு மை ஏன்?

அவருடைய கலை முறையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அவருடைய அரசியல் அந்த முறைக்குள்தான் இருக்கிறது.

எண்ணெய் வண்ண ஓவியம் ஒரே ஒரு சுவரில் தொங்கும். அதை வாங்க வல்லவரின் சுவரில் தொங்கும். பத்திரிகைத் தாளில் அச்சாகும் கறுப்பு வெள்ளைச் சித்திரம் ஆயிரம் பேர் கைக்குப் போகும். அன்றைய அச்சகங்களில் புகைப்படத்தை அச்சிட ஹாஃப்டோன் பிளாக் வேண்டும். மட்டமான தாளில் அது பெரும்பாலும் சாம்பல் குழம்பாகவே விழும். அழுத்தமான கோட்டுச் சித்திரத்திற்கோ மலிவான லைன் பிளாக் போதும். எந்தத் தாளிலும் தெளிவாக விழும். வார ஏட்டின் பணமும் தாளும் அறிந்த கலைஞர், அந்த ஏட்டில் உயிரோடு விழக்கூடிய கோட்டைத் தமக்கென வடித்துக்கொண்டார். அந்தக் கோடு ஒருபோதும் இரக்கத்தை யாசிப்பதில்லை. விலா எலும்பை எண்ணிக் காட்டும் அதே தூரிகை, அந்த மனிதரின் கண்ணில் எஞ்சியிருக்கும் மானத்தையும் விடாமல் காட்டும்.

பிற்காலத்தில் அவர் பெரிதும் கைக்கொண்ட லினோ செதுக்கும் இதே வழியில் வந்ததுதான். லினோலியம் தரைவிரிப்புக்குப் பயன்படும் பொருள்; ஆளி விதை எண்ணெயும் தக்கைப் பொடியும் கலந்து செய்தது. மரத்தைவிட மென்மையானது, விலை குறைந்தது. சிறு உளி கொண்டு வேண்டாத இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, எஞ்சும் மேட்டில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் வரும். அச்சு எந்திரம் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்த்தும் பிரதி எடுக்கலாம். ஆனால் தவறாக ஒரு கோடு செதுக்கிவிட்டால் திருத்த முடியாது. ஏழைக்கு எட்டும் கருவி அது. ஆனால் கைத்திறனில் சலுகை காட்டாத கருவி. சீனப் புரட்சிக் காலத்து மரச்செதுக்குக் கலைஞர்களும் இத்தகைய மலிவான கருவிகளைக் கொண்டே தம் மக்களிடம் பேசினர்.

ஐயாயிரம் பிரதிகளை அரசு ஏன் எரித்தது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ஒரே படமாக ஒரு செல்வரின் வரவேற்பறையில் தொங்கியிருந்தால் எந்த அரசும் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்காது. அரசு அஞ்சியது பிரதிகளின் எண்ணிக்கைக்கு.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு

சித்தபிரசாத் தனித்து நின்ற மேதையுமல்லர். அதே பஞ்சத்தை ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாவின் நடைபாதைகளில் மலிவான தாள்களில் வரைந்தார். சுனில் ஜானா புகைப்படக் கருவியோடு வங்கத்துக் கிராமங்களில் அலைந்தார். இவர்களைக் கண்டெடுத்து, இவர்களுடைய படைப்புகளுக்குக் கட்சி ஏட்டின் பக்கங்களைத் திறந்துவிட்டவர் அன்றைய பொதுச்செயலாளர் பி.சி. ஜோஷி.

சிட்டகாங் மாவட்டத்தின் பராமா கிராமத்தில் 1921இல் பிறந்து, இளம் வயதிலேயே தந்தையை இழந்த ஒரு இளைஞரைச் சித்தபிரசாத் தம்மோடு பஞ்சப் பகுதிகளுக்கு அழைத்துச் சென்றார். பார்த்ததை அங்கேயே வரையக் கற்றுத்தந்தார். அந்த இளைஞர்தான் சோம்நாத் ஹோர். கட்சியின் உதவியால் அவர் கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். விளைச்சலில் பாதிக்குப் பதிலாக மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை உழவர்கள் எழுந்த தேபாகா போராட்டத்தை, 1946 டிசம்பரில் ரங்கபூர் மாவட்டத்தில் தங்கி நாட்குறிப்பாகவும் சித்திரமாகவும் பதிவுசெய்தார்.

1948இல் மேற்கு வங்கத்தில் கட்சி தடைசெய்யப்பட்டபோது அவர் தலைமறைவானார், படிப்பு தடைப்பட்டது. பின்னாளில் சாந்திநிகேதனில் அவர் படைத்த 'காயங்கள்' என்னும் வரிசையில் வண்ணமே இல்லை. வெள்ளைக் காகிதக் கூழில் வெட்டும் கீறலும் மட்டுமே இருந்தன. வியத்நாம் மக்களின் போராட்டத்திற்குக் காணிக்கையாக அவர் வெண்கலத்தில் வார்த்த தாயும் சேயும் சிலை 1977இல் களவு போயிற்று. பலமாத உழைப்பை இழந்த பின்பும் அவர் மெழுகையும் வெண்கலத்தையும் கைவிடவில்லை. 2006இல் மறையும்வரை, காயம் பட்ட மனித உடலே அவருடைய பாடுபொருளாக இருந்தது. அந்தக் காயத்தை முதன்முதலில் உற்றுப்பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் சித்தபிரசாத்.

பம்பாயும் பிரிவும்

1946இல் சித்தபிரசாத் பம்பாயில் நிலைகொண்டார். அந்த ஆண்டு பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் எழுச்சி கொண்டபோது அவர்களுக்காக வரைந்தார். இந்திய மக்கள் நாடக மன்றமாகிய இப்டாவின் சின்னத்தில் முரசறையும் மனிதரைக் காணாத தோழர் எவரும் இருக்க முடியாது. அந்த முரசு சித்தபிரசாத்தின் கையில் பிறந்தது. முரசொலி நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறது! அதை வரைந்தவர் பெயரை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

1948இல் கல்கத்தாவில் கட்சியின் இரண்டாவது மாநாடு கூடியது. தலைமையும் பாதையும் மாறின. ஜோஷி பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். மறு ஆண்டில் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஒருபுறம் அரசின் தடையும் சிறையும் துப்பாக்கியும், மறுபுறம் உள்ளேயே கடும் கருத்துப்போர். அந்த நெருக்கடியில் கலைஞர்களோடு பொறுமையாகப் பேச எவருக்கும் நேரமிருக்கவில்லை. ஜோஷி காலத்தில் மலர்ந்த பண்பாட்டுக் குழுக்கள் சிதறின. சித்தபிரசாத்தும் கட்சியின் அமைப்பு வாழ்விலிருந்து விலகினார். அன்றைய பாதையின் இடதுசாரி அதிதீவிரத் தவறுகளைக் கட்சியே பின்னர் ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டது. ஆனால் பாதையைத் திருத்துவது ஒன்று. விலகிச் சென்ற மனிதர்களைத் தேடிச்சென்று கைப்பற்றி அழைப்பது வேறொன்று. முன்னதைச் செய்த அளவுக்குப் பின்னதை இயக்கம் செய்ததா என்னும் கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது.

அந்தேரியில் ஓர் அறை

இனி வருவது முப்பது ஆண்டுக்கால வாழ்வு. இடம் பம்பாயின் புறநகரான அந்தேரி, ரூபி டெரஸ் என்னும் கட்டடத்தில் ஓர் அறை. அதுவே வீடு, அதுவே பட்டறை, அதுவே நாடக அரங்கு. துணையின்றி வறுமையோடு அவர் அங்கே வாழ்ந்தார்.

பம்பாய் அப்போது ஓவியர்களுக்கு வழிகள் திறந்த நகரம். விளம்பர நிறுவனங்கள் கூலி தந்தன. 1947இல் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவின் சூசா 1949இல் இலண்டனுக்கும் ரசா 1950இல் பாரிசுக்கும் சென்றனர். உசேனின் புகழ் உள்நாட்டிலேயே வளர்ந்தது. அவர்கள் பெரும் கலைஞர்கள், அதில் ஐயமில்லை. சித்தபிரசாத்தோ அந்தக் கலைக்கூடங்களின் வாசலில் சென்று நிற்கவில்லை. பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' (1953), நிலமிழந்து கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் உழவனின் கதை. அப்படத்திற்காக அவர் செதுக்குச் சித்திரம் செய்தது அவருடைய இயல்புக்கு ஒத்த வேலை. உலக சமாதான இயக்கத்திற்காகவும் செதுக்கினார். உழவர், தொழிலாளர், காதலர், தாய்மார் என உழைக்கும் மனிதரின் வாழ்வு முழுவதையும் லினோவில் கொண்டுவந்தார். கட்சி அட்டை அவரிடம் இல்லை. கட்சி கற்றுத்தந்த பார்வை அவரிடம் இருந்தது.

இதற்குப் பெரும் சான்று, 1950களின் தொடக்கத்தில் அவர் செதுக்கிய குழந்தைகள் வரிசை. தேவதைக் கதைகளற்ற தேவதைகள் என்று அதற்குப் பெயர். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் கூலி வேலை செய்யும் குழந்தைகள், தெருவில் வித்தை காட்டும் குழந்தைகள், தெருவிலேயே உறங்கும் குழந்தைகள். 1943இல் ஏகாதிபத்தியத்தின் பஞ்சத்தைப் பதிவுசெய்த அதே கோடு, விடுதலை பெற்ற நாட்டின் தலைநகர்த் தெருக்களும் தொழில்நகர்த் தெருக்களும் மறைக்க முயன்ற குழந்தையைப் பதிவுசெய்தது. ஆட்சி மாறியது, ஓவியரின் கேள்வி மாறவில்லை: இந்தக் குழந்தை சாப்பிட்டதா? அந்தப் படங்களை 1969இல் நூலாக்கியது டென்மார்க்கின் யுனிசெஃப் குழு. உலகக் குழந்தைகளுக்கான அமைப்பின் கண்ணில் பட்டவர், உள்நாட்டில் ஓர் அறையில் அறியப்படாமல் இருந்தார்.

குழந்தைகளை வரைவதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. செக்கோஸ்லோவாக்கிய நண்பர் ஒருவரின் தொடர்பால் பொம்மலாட்டத்தில் ஈடுபாடு கொண்டு, 'கேலாகர்' என்னும் பொம்மலாட்ட அரங்கை நிறுவினார். வங்கமொழியில் அதற்கு விளையாட்டு வீடு என்று பொருள். பொம்மைகளைத் தாமே செய்தார், உடை தைத்தார், கதை அமைத்தார், அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளை உட்காரவைத்து ஆட்டிக் காட்டினார். தேவதைக் கதை மறுக்கப்பட்ட குழந்தைக்குத் தம் கையாலேயே ஒரு கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சிறுவர் கதைகளுக்கும் இராமாயணத்திற்கும் அவர் செய்த செதுக்குப் படங்களும் அந்தக் குழந்தைகளுக்கான காணிக்கையே.

செக்கோஸ்லோவாக்கியத் தோழமை அவருடைய கடைசிக்காலம் வரை நீடித்தது. அவருடைய படைப்புகள் பிராகா நகருக்குச் சென்றன. 1972இல் செக் இயக்குநர் பாவெல் ஹோப்ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்தப் படம், அந்த ஒற்றை அறை ஓவியரை உலகிற்குக் காட்டியது.

1978இல் உடல் தளர்ந்த நிலையில் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று, அறுபத்துமூன்றாம் வயதில் மறைந்தார். அப்போது அவருடைய வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தேபாகா உழவர் கேட்ட பங்கிற்கான உரிமையைச் சட்டப்படி பதிவுசெய்யும் 'ஆபரேஷன் பர்கா' அந்த ஆண்டில்தான் தொடங்கியது. அவர் வரைந்த மனிதர்களில் ஒரு பகுதியினருக்கேனும் நிலத்தின்மீது ஓர் உறுதி கிடைக்கத் தொடங்கிய வேளையில் ஓவியர் விடைபெற்றார்.

நம்முன் உள்ள கேள்வி

தோழர்களே, இந்த வாழ்வைக் கலைச்சந்தை இன்று கொண்டாடுகிறது. ஏழையின் கைக்குப் போக வேண்டும் என்று செதுக்கிய அச்சுப் பிரதிகள் ஏலக்கூடங்களில் விலை போகின்றன. அவற்றைக் காத்து, அச்சிட்டு, நூலாக்கித் தந்த கலைக்கூடங்களின் பணியை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தப் பணியை நாம் செய்யவில்லை என்பதே நமக்கு உறுத்த வேண்டிய செய்தி. ஐயாயிரம் பிரதிகளை எதிரி எரித்தான். எஞ்சிய ஒன்றைக் காத்தது ஒரு குடும்பம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்சி இல்லாவிட்டால் சித்தபிரசாத் சிறந்திருப்பார் என்னும் வாதம் அவருடைய படைப்புகளின் முன்னே நிற்காது. மேதினிப்பூர்ச் சாலைக்கு அவரை அனுப்பியது கட்சி. கோட்டின் அழுத்தம், மலிவான கருவியின்மீது கொண்ட மதிப்பு, பிரதிகள் பெருக வேண்டும் என்ற வேட்கை, உழைப்பவரைப் பரிதாபப் பொருளாக்காமல் மனிதராகவே பார்க்கும் கண் ஆகிய அனைத்தும் இயக்கத்தில் விளைந்தவை. அமைப்பைவிட்டு விலகிய பிறகும் அவர் அவற்றை விடவில்லை என்பது, அவை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தன என்பதற்குச் சான்று. அவரை வளர்த்த பெருமை இயக்கத்துக்கு உண்டு. அவரைத் தனிமையில் விட்ட பொறுப்பும் இயக்கத்துக்கு உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் ஏற்பது நேர்மையாகாது.

நம் காலத்துக்கு இதிலிருந்து கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, நம்முடைய கலைஞர்களின் படைப்புகளைச் சேமிப்பது. மாநாடு முடிந்த மறுநாள் பதாகைகள் எங்கே போகின்றன? பழைய சுவரொட்டிகள், நாடகப் பிரதிகள், பாட்டுப் புத்தகங்கள், ஏடுகளின் சித்திரங்கள் கிளை அலுவலகங்களின் பரண்களில் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் தூசு தட்டி, படியெடுத்து, பல இடங்களில் வைக்க வேண்டும். ஒரே பிரதியாக வைப்பது ஆபத்து என்பதை 'பசித்த வங்கம்' கற்பித்துவிட்டது.

இரண்டாவது, கலைஞரின் வாழ்வைக் கவனிப்பது. தேர்தல் வந்தால் சுவர் தேடுகிறோம், சுவர் கிடைத்தால் எழுதும் தோழரைத் தேடுகிறோம். தேர்தல் முடிந்தபின் அந்தத் தோழரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா, கண்பார்வை மங்கியவருக்கு மருத்துவம் நடக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு எந்தக் குழுவுக்கு உரியது? அதற்குப் பெயர் குறித்துப் பொறுப்பாளரை நியமிப்பது கலைஞருக்குச் செய்யும் தானமன்று, அமைப்பின் கடமை.

மூன்றாவது, கருத்து வேறுபாட்டால் ஒதுங்கியவரோடும் உறவைப் பேணுவது. உறுப்பினர் பதிவு முடிவதும் தோழமை முடிவதும் ஒன்றாகிவிடக் கூடாது. முப்பது ஆண்டுகள் ஓர் அறையில் நம் மக்களையே செதுக்கிக்கொண்டிருந்தவரை நாம் அந்நியர் என்று எண்ணியது, நமக்கே நாம் செய்துகொண்ட இழப்பு.

சித்தபிரசாத் பசித்தவரை வரைந்தபோது அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டு எழுதினார். பஞ்சத்தின் கணக்கில் வெறும் எண்ணாகப் போகவிருந்தவர்கள் அவருடைய தாளில் பெயருள்ள மனிதர்களாக நின்றனர். அவர் காட்டிய அந்த மரியாதையை நாம் அவருக்கும், அவரைப் போன்றோருக்கும் செலுத்தலாம். இங்கிருந்து திரும்பும் தோழர்கள், தங்கள் கிளைப் பகுதியில் இதுவரை சுவர் எழுதியவர், பதாகை வரைந்தவர், பாட்டுக் கட்டியவர் யார் யார் என்று ஒரு குறிப்பேட்டில் பெயரும் ஊரும் எழுதத் தொடங்குங்கள். உயிரோடு இருப்பவரைச் சென்று பாருங்கள். மறைந்தவரின் வீட்டில் எஞ்சியிருப்பதைக் கேட்டு வாங்கிப் படியெடுங்கள். அந்தேரியின் ஓர் அறையில் வாழ்ந்து மறைந்த தோழருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.